தூசிக்கு அடித்த இரண்டாவது கோட்டிங்

மார்ச் 4, செவ்வாய்

இல்ல, நான் கேக்கறேன், கட்டின பொண்டாட்டியே கொலைகாரன்னு சொல்ற அளவுக்கு நான் என்ன செஞ்சுட்டேன்? பூனை உயிரோடதானே இருக்கு? மூச்சு விடுது, முறைக்குது, தொட்டா கடிக்க வருது. கொலையான பூனை கடிக்குமா? அதுவும் மிருக ஆஸ்பத்திரியில, அந்த டாக்டர் பொண்ணு முன்னால, மடியில கிளிக்கூண்டு வச்சிருந்த அந்த ஆளு முன்னால... அந்தக் கிளி இந்நேரம் வீட்டுக்குப் போய் 'கொலைகாரன் கொலைகாரன்'னு கத்திக்கிட்டு இருக்கும். சொல்றதச் சொல்லிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா ஆச்சா? பதில் பேச எனக்கு ஒரு முறை வேணாமா?

கதவு திறக்கவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன். பெயிண்ட் கடைக்காரர் வருஷ ஆரம்பத்தில் கொடுத்த டைரி. என் படிப்புக்கு டைரி எதற்கு என்று ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது எழுத எழுத மேஜை ஆடுகிறது.

நடந்தது இதுதான். மகளுக்கு ஆபரேஷன் என்று என் வீட்டம்மா ரெண்டு மாசம் மகள் வீட்டில் இருக்கப் போனாள். போகும்போது தூசியை என்னிடம் ஒப்படைத்தாள். தூசி என்பது சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி. வீட்டம்மாதான் எடுத்து வளர்த்தாள், பேரும் அவள்தான் வைத்தாள். "பாக்கெட்டுல இருக்கற தீனிய மட்டும் போடுங்க. உங்க புத்திசாலித்தனத்தக் காட்டாதீங்க" என்றாள். என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா? 'ஈர பெயிண்ட், தொடாதே' என்று போர்டு வைத்த சுவரை எவனாவது தொடாமல் போயிருக்கிறானா?

பாக்கெட் தீனியை ஒரு வாய் மென்று பார்த்தேன். சுவரிலிருந்து பெயர்ந்த பூச்சை மெல்லுவது மாதிரி இருந்தது. காட்டில் இருக்கிற பூனை என்ன, பாக்கெட்டா பிரிக்கிறது? நல்ல எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி வாங்கி, பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். தின்ற வேகத்தைப் பார்க்கணுமே! அதன் பிறகு பாக்கெட்டை அது திரும்பிப் பார்க்கவில்லை. போனில் அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் வந்ததும் பளபளவென்று ஒரு பூனையைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தி மூக்கை உடைக்கலாம் என்று திட்டம்.

அவள் நேற்று வந்தாள். பளபளவென்று ஒரு பூனை அவளைப் பார்த்து ஓடி வந்தது. பாதி வழியில் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அழுதது.

கொஞ்ச நாளாகவே அது அலமாரி மேல் தாவுவதில்லை. நான் பார்க்கத்தான் செய்தேன். வளர வளர அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பூனைக்கு அடக்கமாம்!

கிளிக்காரர் முன்னால் அவள் கடைசியாகச் சொன்னது இது: "இந்த மனுஷன் வெள்ளையடிச்ச சுவரெல்லாம் நிக்குது. ஒரு பூனைய நிக்க வைக்கத் தெரியல." இதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

யோசித்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்த எக்ஸ்ரேதான் கண்ணில் வருகிறது.

டாக்டர் பொண்ணு கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைக் காட்டினாள். எலும்பு வெள்ளையாகத் தெரியணுமாம். எது எலும்பு, எது சதை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே மங்கல்.

"தாத்தா, வெறும் கறியில பாஸ்பரஸ் நிறைய இருக்கு, கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ரெண்டும் ஒரு அளவுல இருந்தாத்தான் உடம்பு ஒத்துக்கும். சாப்பாட்டுல கால்சியம் வரலைன்னா உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கும். வளர்ற குட்டி வேற."

"காட்டுல பூனை கறிதானம்மா தின்னுது?"

"காட்டுல எலிய எலும்போட, குடலோட முழுசா தின்னுது. நெஞ்சுக்கறிய மட்டும் நறுக்கி யாரும் தட்டுல வைக்கல."

அதாவது, நான் வேளாவேளைக்கு விருந்து வைக்க வைக்க, பூனை தன் எலும்பைத் தானே சுரண்டித் தின்றிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கால்சியம் என்றால் சுண்ணாம்பு. ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பு வாளிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவன் நான். என் நகக்கண்ணில் சுண்ணாம்பு, மூக்குக்குள் சுண்ணாம்பு, கல்யாண போட்டோவில் காதோரம்கூடச் சுண்ணாம்பு. இப்படிப்பட்டவன் வீட்டுப் பூனைக்குச் சுண்ணாம்புப் பஞ்சம்.

தாவக் கூடாது, ஓடக் கூடாது, அடைத்து வையுங்கள் என்றாள். எலும்பு பட்டென்று முறிந்துவிடுமாம். பேரன் குழந்தையில் படுத்த கம்பிக் கட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, மேலே வலை கட்டி, கூடத்தில் போட்டேன். இந்தப் பக்கம் என் நாற்காலி, அந்தப் பக்கம் வீட்டம்மா நாற்காலி, நடுவில் ஜெயில். கைதி ஒருத்தி, குற்றவாளி வெளியே உட்கார்ந்து காபி குடிக்கிறான்.

மார்ச் 6, வியாழன்

வீட்டம்மா என்னிடம் பேசுவதில்லை என்று முடிவு எடுத்திருக்கிறாள். ஆனால் வீடு நடக்கணுமே. காலையில் கட்டிலுக்குள் குனிந்து சொன்னாள்:

"தூசி, உங்க அப்பாகிட்ட சொல்லு, சோறு மேஜைமேல இருக்குன்னு."

தூசி என்னைப் பார்த்தது. நானும் தூசியிடம் சொன்னேன்: "உங்க அம்மாகிட்ட சொல்லு, அப்பாவுக்குக் கண்ணு தெரியுதுன்னு."

"தூசி, கண்ணு தெரிஞ்சவங்க பூனை நொண்டறதப் பாத்திருப்பாங்கன்னு சொல்லு."

தூது போகிற பூனை, பாவம், எங்கேயும் போக முடியாமல் நடுவில் படுத்திருந்தது.

மார்ச் 8, சனி

பாக்கெட் தீனியே நல்லது, எல்லாச் சத்தும் அளவாக அதில் இருக்கிறது என்றாள் டாக்டர் பொண்ணு. வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுகிற மாதிரி முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. நனைத்து வைத்தோம். ஊட்டிப் பார்த்தோம். பட்டினி. கறி ருசியை நாக்கில் ஏற்றிவிட்டது யார் என்று எல்லாரும் கேட்டார்கள்; அதாவது, வீட்டம்மா தூசியிடம் கேட்டாள்.

பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகுமாம். மறுபடி போன் போட்டேன். டாக்டர் பொண்ணு பெருமூச்சு விட்டு, சத்துணவு படித்த வேறொரு டாக்டரிடம் கேட்டு, தூசிக்கென்றே கணக்குப் போட்டு ஒரு தாள் அனுப்பினாள். "பச்சைக் கறிதான் தின்பேன்னா இந்த அளவுல கலந்து போடுங்க. கிராம் கணக்கு. கை அளவு கூடாது தாத்தா."

கோழித் தொடைக்கறி. கொஞ்சம் ஈரல், கொஞ்சம் இதயம். கால்சியத்துக்கு முட்டை ஓட்டுத் தூள். டாரின் என்று ஒரு பொடி, அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் போய்விடுமாம். மீன் எண்ணெய். துத்தநாகம். மாங்கனீஸ். அயோடினுக்குக் கடல்பாசித் தூள். படித்தால் பெயிண்ட் டப்பாவின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது. துத்தநாகத்தை நான் இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற ப்ரைமரில் பார்த்திருக்கிறேன். பூனையும் துருப்பிடிக்கும் போல.

மார்ச் 9, ஞாயிறு

முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்தேன். என்ன அருமையான வெள்ளை! இதை வைத்து ஒரு ரூமுக்கே அடிக்கலாம். நாக்கில் வைத்துப் பார்த்தேன். நம்ம வாளிதான். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் என் தொழில் கைகொடுத்தது. பொடியை அப்படியே கறிமேல் தூவினால் ஒரு இடத்தில் கட்டியாக விழும். ஒரு வேளைக்கு எல்லாம் போகும், மறுவேளைக்கு ஒன்றும் போகாது. சுண்ணாம்பில் நீலம் கலக்கிற மாதிரி செய்தேன். முதலில் கிண்ணத்துத் தண்ணீரில் எல்லாப் பொடியையும் குழப்பிக் கரைசலாக்கி, அதைக் கறியில் ஊற்றிப் பிசைந்து, வேளைக்கு ஒன்றாக டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பலகையையும் கழுவினேன். தின்ன மாட்டேன் என்று சொல்லுமோ என்று பயந்தேன். கிண்ணத்தை நக்கிக் கவிழ்த்தது.

"தூசி, உங்க அப்பாகிட்ட சொல்லு, மிக்சிய அவரே கழுவணும்னு."

மார்ச் 13, வியாழன்

சாப்பிடுகிறது. நிற்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் அப்படியே. எழுந்திருக்கப் பார்க்கிறது, பின்னங்கால் வழுக்குகிறது, என்னைப் பார்க்கிறது. அந்தப் பார்வை இருக்கே. கூலியை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுப் போனவனைப் பார்க்கிற மாதிரி.

கோழிக்கடைக்காரரிடம் வாயைக் கொடுத்தேன். "பெரியவரே, எலும்பு தேஞ்சா எலும்பத்தானே போடணும்? முட்டை ஓடு என்னத்துக்கு, முட்டை குஞ்சு பொரிக்கவா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகத்தான் படும். பூனைச் சாமான் கடையில் எலும்புத் தூள் இருந்தது. வாங்கினேன்.

முட்டை ஓட்டுத் தூள் தாளில் இருக்கிறபடியே. அதற்கு மேல் எலும்புத் தூள், நம்ம பங்கு. இத்தனை நாள் விட்டுப்போனதையும் சேர்த்து அடைக்கணும் இல்லையா? எதற்கும் ரெண்டு ஸ்பூன். தராசு எதற்கு, தாளில் இல்லாததை எந்தக் கணக்கில் நிறுப்பது?

மார்ச் 21, வெள்ளி

தூசி வெளிக்குப் போகிற மண் தட்டில் போய் உட்காருகிறது, ஒன்றும் வரவில்லை. எழுந்து வருகிறது. மறுபடி போகிறது.

மார்ச் 22, சனி

காலையில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். வயிறு கல்லு மாதிரி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆட்டோவில் வீட்டம்மா துண்டோடு தூசியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. தூசியிடம்கூட இல்லை.

"வேற ஏதாவது போட்டீங்களா?" என்றாள் டாக்டர் பொண்ணு.

சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காதே! "ரெண்டு கோட்டிங் அடிச்சா நல்லாப் பிடிக்குமேன்னு பாத்தேன் டாக்டரம்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வீட்டம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எது சொன்னாலும் உதட்டோரமாவது ஒரு சுழிப்பு வரும் அவளுக்கு, கோபத்திலும் வரும். வரவில்லை.

டாக்டர் பொண்ணு கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கறியில பாஸ்பரஸ் ஏற்கெனவே இருக்கு, அதுக்கு ஜோடியா கால்சியம் மட்டும் போதும்னுதான் முட்டை ஓடு. எலும்புத் தூள்ல ரெண்டுமே இருக்கு. ஒண்ணு போட்டா இன்னொண்ணு கூடாது. கால்சியம் அதிகமானா துத்தநாகத்த உள்ள விடாது, மலத்த இறுக்கிடும். நல்லா இருக்கட்டும்னு கூடப் போடறதுதான் தாத்தா, கம்மியாப் போடறத விட மோசமா முடியும். இப்ப பேச்ச நிறுத்திட்டுக் காலப் பிடிங்க."

பிடித்தேன். எனிமா கொடுத்தார்கள். அதன் கால் என் கைக்குள் துடித்தது. தீக்குச்சி கனம்கூட இல்லை. இறுக்கிப் பிடித்தால் முறியும், தளர விட்டால் உதறிக்கொண்டு முறியும். 

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குள் துண்டை விரித்து, தூசியைப் படுக்க வைத்து, வீட்டம்மா மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த எக்ஸ்ரே மே மாசம்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அது சரியா வரலைன்னா நாம ரெண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போயிடலாம் தூசி. அங்க ரூம் இருக்கு. இங்க எல்லாம் விளையாட்டு."

அக்கா என்றால் எங்கள் மகள்.

இதை என்னிடம் சொல்லச் சொல்லி அவள் தூசியிடம் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பின்கட்டுக் குளியலறைச் சுவர் பாசி பிடித்துக் கிடந்தது. சுரண்டி, சுண்ணாம்பு கரைத்து, ஒரு கோட்டிங் அடித்தேன். சும்மா கையாவது வேலை செய்யட்டும் என்று.

அடித்து முடித்துப் பார்த்தால் சுவர் அப்படியே இருக்கிறது. பழைய கறையெல்லாம் தெரிகிறது. தண்ணீர் தெளித்த மாதிரிதான். ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தால்தான் வெளுக்கும். புதுசாக வேலைக்கு வருகிறவன் எல்லாம் இங்கேதான் கவிழ்வான். வெளுக்கலையே என்று அது காய்கிறதுக்குள்ளேயே அடுத்ததை அடிப்பான். மறுநாள் பார்த்தால் சுவர் தடித்து, வெடித்து, அப்பளம் அப்பளமாக உரியும். எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! 'வாளிய வச்சிட்டு டீ குடிச்சிட்டு வாடா. சுண்ணாம்பு உன்னை விட அறிவாளி, தானா வெளுக்கும்'னு.

சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

டேய் கிழவா. நீயாடா?

ஒரு வாரத்துக்கு மேல பொறுக்கல நீ. சுவருக்குக் கொடுக்கற மரியாதையப் பூனைக்குக் கொடுத்தியா?

வாளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுவர் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது. எலும்புத் தூள் டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

தாள்படி. தராசுபடி. கறி, ஈரல், இதயம், முட்டை ஓடு, மற்றதெல்லாம். சேர்ப்பதும் இல்லை, குறைப்பதும் இல்லை. இவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கல்யாணத்துக்கே லேட்டாகப் போனவன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று கறி கலக்கும்போது கடல்பாசித் தூளைப் பார்த்தேன். தாளில் போட்டிருக்கிறது ஊசி முனை அளவு. தராசில் வைத்தால் தராசுக்கே தெரியவில்லை. ஒரு கிராமைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு பங்கு எடுக்கச் சொல்லியிருக்கிறது. இதென்னடா கஞ்சத்தனம், இன்னும் ஒரு துளி போட்டால்தான் என்ன என்று கை தன்னால் டப்பா பக்கம் போனது. கை போனதுதான் தாமதம், அடுப்பங்கரையிலிருந்து சத்தம்:

"தூசி, யாரோ அந்தப் பச்சை டப்பாவத் தொடறாங்க போல!"

திரும்பாமலே எப்படித் தெரிகிறது இவளுக்கு?

"தூசி, உங்க அம்மாகிட்ட சொல்லு. வெள்ளையில நீலம் ஒரு சொட்டு போட்டா சுவரு வெளுப்பு. ரெண்டு சொட்டு போட்டா சுவரு நீலம். இது உங்க அப்பாவுக்குத் தெரியும்னு சொல்லு."

சட்டியில் கரண்டி ஒரு தட்டு தட்டியது. பிறகு:

"தெரிஞ்சத வச்சு என்ன பண்ணாராம், கேளு."

டப்பாவை மூடினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முட்டை ஓட்டைத் தூளாக்கி, சலித்து, பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறது. நான் செய்யவில்லை. பாட்டில் மேல் ஒரு துண்டுக் காகிதம்: 'சலிச்சது'. நான் அரைப்பது கரகரப்பாம். தூசி தொண்டையில் குத்துமாம். இதையெல்லாம் தூசிதான் சொன்னது.

மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்கு ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். பூனைக்கு ஜன்னல்ல பலகை அடிச்சாச்சு." நல்ல பொண்ணு. ரொம்ப நல்ல பொண்ணு. யார் இப்படி வளர்த்தது என்று தெரியவில்லை.

மே 3, சனி

தூசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னங்கால் ரெண்டும் தரையில், முன்னங்கால் மேலே. ஜெயிலில் இருக்கிற அரசியல்வாதி மாதிரி. நான் மூச்சு விடாமல் பார்த்தேன். அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

'பாத்தியா' என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மே 10, சனி

"தூசி, உங்க அப்பா குறட்டையில உனக்குத் தூக்கம் வருதா?"

"தூசி, உங்க அம்மா வேணும்னா காதுல பஞ்சு வச்சுக்கலாம்னு சொல்லு."

"தூசி, பஞ்செல்லாம் உங்க அப்பா பூனைக்குட்டிக்கு மெத்தை தைக்கறேன்னு தீத்துட்டாருன்னு சொல்லு."

மெத்தையைப் பார்த்திருக்கிறாளே! நல்லா இருக்கா இல்லையா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தூசி மூலமாக அதைக் கேட்பதற்கு வெட்கமாக இருந்தது.

மே 16, வெள்ளி

வீட்டம்மா துணிப்பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். ரூமில் எங்கள் கட்டில் மேல் திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை இன்னும்.

மே 23, வெள்ளி

நாளைக்கு எக்ஸ்ரே. கறி கலந்து, அடுத்த வாரத்துக்கும் டப்பா டப்பாவாகப் போட்டேன். மகள் வீட்டுக்கு எடுத்துப்போனாலும் ஐஸ் வைத்து எடுத்துப்போகலாம். தாளை ஒரு நகல் எழுதி வைத்தேன், பெரிய எழுத்தில். மகளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். எனக்குத்தான் சின்ன எழுத்து வராது.

மே 24, சனி

முதலில் கம்ப்யூட்டரில் பழைய படத்தைப் போட்டாள் டாக்டர் பொண்ணு. அதே மங்கல். அடித்த உடனே பார்க்கிற சுண்ணாம்பு மாதிரி, ஒன்றும் தெரியாமல்.

அப்புறம் பக்கத்தில் இன்றைய படத்தைப் போட்டாள்.

காய்ந்திருந்தது.

முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியும் வெள்ளை. தொடை எலும்பு வெள்ளை. நொண்டின காலில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது, அது இருக்கும், பரவாயில்லை என்றாள். "நல்லா இருக்கு தாத்தா. இந்த அளவையே விடாதீங்க. நாளைக்கு வெளிய விடுங்க, உயரத்துல இருந்து குதிக்க விடாதீங்க." என் பக்கம் திரும்பி, "என்ன, இன்னிக்குக் கிண்டல் ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

மேல்துண்டால் மூக்கைத் துடைத்தேன். மூக்குக்குள் பழைய சுண்ணாம்பு போல, எரிந்தது.

வீட்டம்மா திரைக்குக் கிட்டப் போய், அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தாள். சுவர் காய்ந்துவிட்டதா என்று நான் தொட்டுப் பார்க்கிற மாதிரியே.

வீட்டுக்கு வந்ததும் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டில் மேல் பெட்டி இல்லை. பரணில் ஏற்றிவிட்டாளா, துணி வைத்து மூடித் தயாராக எங்காவது வைத்திருக்கிறாளா? கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது, தூங்கிக்கொண்டிருக்கிறது.

மே 25, ஞாயிறு

காலையில் கறியும் வைத்து, தண்ணீரும் வைத்து, தூசி தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். வீட்டம்மா அவள் நாற்காலியில். நான் என் நாற்காலியில். வலையை அவிழ்த்தேன். கட்டிலின் பக்கச் சட்டத்தை இறக்கினேன். தூசி வெளியே வரவில்லை. உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. இதுதான் சமயம், இனிமேல் இது ஒரு இடத்தில் உட்காராது என்று தோன்றியது. ராத்திரியே வார்த்தையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், கிண்டல் எதுவும் கலக்காமல், தாள்படி.

"தூசி, கிளம்பறதுக்கு முன்னாடி உனக்குக் கடைசியா ஒரு வேலை இருக்கு. உங்க அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். நல்லாக் கேட்டுக்க, அப்பாவால இன்னொரு தடவை சொல்ல முடியாது. அன்னைக்கு நீ தாவாம உக்காந்திருந்தப்ப, அப்பா பாத்தும்..."

தூசி எழுந்தது. முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. சட்டத்தைத் தாண்டிக் காலை வெளியே வைத்தது. ஒன்று, மற்றொன்று, பின்னங்கால் ரெண்டும். ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வாலைக் கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு, என் நாற்காலியைத் தாண்டி, அவள் நாற்காலியைத் தாண்டி, வழுக்காமல், மடங்காமல், அடுப்பங்கரைப் பக்கம் நடந்து போயே போய்விட்டது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடுவில் காலிக் கட்டில். நான் இன்னும் வாயைத் திறந்தபடி, அதன் உள்ளே குனிந்துகொண்டிருக்கிறேன், பஞ்சு மெத்தையிடம் பேசுகிறவன் மாதிரி.

வீட்டம்மா அந்த வால் கதவைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம். பாத்தும்?" என்றாள், என் முகத்தைப் பார்த்து.